பார்த்து எழுதியது போதும்!

முத்து முத்தாக எழுதுகிறான் பிள்ளை. கோடு தாண்டவில்லை, புள்ளி தப்பவில்லை, கொம்பும் காலும் இடம் மாறவில்லை. ஆசிரியர் மகிழ்கிறார், அன்னை பூரிக்கிறாள், அண்டை வீட்டார் 'கலெக்டர் ஆவான், பாருங்கள்' என்று கட்டியம் கூறுகின்றனர்.

நல்லது. இப்போது கரும்பலகையைத் துடைத்துவிடுங்கள். துடைத்துவிட்டு, "தம்பி! நேற்று மாலை பள்ளி விட்டதும் என்ன செய்தாய்? இரண்டு வரி எழுது, பார்க்கலாம்" என்று கேளுங்கள். பென்சில் நிற்கிறது. பிள்ளையின் கண் பலகைக்குப் போகிறது. அங்கே ஒன்றுமில்லை. ஆகவே நோட்டிலும் ஒன்றுமில்லை! 'எழுதவேண்டாம், வாயால் சொல்' என்று கேளுங்கள். காற்றாடி அறுந்த கதையை, அதைத் துரத்தி ஓடிய கதையை, முழங்கால் சிராய்த்த கதையை, அதற்கு அம்மா கொடுத்த அடியை அருவியெனக் கொட்டுகிறான்.

வாய்க்கு வந்தது கைக்கு வரவில்லை. எப்படி வரும்? நாம் அந்தக் கைக்குக் கற்றுக்கொடுத்தது பார்த்து எழுதுவதை. எழுதுவதை அல்லவே!

சடையங்குப்பத்தை அறிவீர்களா? மணலியின் ஆலைகளுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடையே, பக்கிங்காம் கால்வாயும் கொசத்தலை ஆறும் சூழக் கிடக்கும் ஊர். 2011ஆம் ஆண்டில் இடையஞ்சாவடி, கடப்பாக்கம் ஊராட்சிகளோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. மாநகரம் என்று பெயர். மழை வந்தால் தீவு. 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரிநீர் ஆற்றில் பெருகி வந்தபோது, மணலி புதுநகரோடு இந்த ஊரும் நீரில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு, மணலி ஆலைப்பகுதியிலிருந்து எண்ணெய் கால்வாயில் இறங்கி, கழிமுகம்வரை கருப்பாகப் பரவியதை நாடே பார்த்தது. அங்கே பர்மா நகர் என்றொரு பகுதி உண்டு. அந்தப் பெயரே ஒரு வரலாற்று ஏடு. 1960களில் ரங்கூனிலே கடையிழந்து, காணியிழந்து, கப்பலேறி வந்த தமிழர்களின் ஏடு!

அப்படிப்பட்ட ஊரிலே வளரும் பிள்ளைக்கு எழுதப் பொருளா இல்லை? இரவெல்லாம் வானத்தைச் சிவக்கவைக்கும் ஆலைச் சுடர் இருக்கிறது. கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை இருக்கிறது. இறாலும் நண்டும் இருக்கின்றன. வெள்ளத்தில் நனைந்த பாடப்புத்தகத்தை வெயிலில் உலர்த்திய கதை எத்தனை வீட்டில் இருக்கும்! ஆனால், நாம் தரும் தலைப்பு என்ன? 'பசு.' அது ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உள்ளன. பால் தரும். வைக்கோல் தின்னும். பாட்டனும் எழுதினார், தந்தையும் எழுதினார், பேரனும் எழுதுகிறான். பசுவே படித்தால் சலித்துப்போகும்!

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, நண்பர்களே. கால்வாயில் எண்ணெய் வந்தால் யாருக்கு எழுதுவது? என்று வந்தது, எவ்வளவு வந்தது, வலை என்ன ஆயிற்று என்பதை ஒன்றன்பின் ஒன்றாக எப்படி அடுக்குவது? வட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் இருக்கிறார், நல்லவர்தான். ஆனால், அவர் எழுதும் மனு, எல்லா மனுவையும் போல இருக்கும். 'மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன், என்னுடைய நிலைமையைக் கருதி' என்று தொடங்கும். இவனுடைய வலை அதிலே இல்லை, இவனுடைய இழப்பும் அதிலே இல்லை. தன் துன்பத்தைத் தானே எழுதத் தெரியாதவன், அதைச் சொல்லப் பிறருக்குக் கூலி கொடுக்கிறான்.

'அதற்கென்ன, இப்போது அலைபேசியிலே பேசினால் அதுவே எழுத்தாகி விடுகிறதே' என்பர் சிலர். ஆகட்டும்! ஒலியை எழுத்தாக்கும் கருவி வந்துவிட்டது. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, படிப்பவன் எதைக் கேட்பான் என்று எண்ணுவதுதான் எழுதுவது. விரல் செய்வது அதில் பாதிகூட இல்லை.

இந்தச் சென்னைக்கும் எழுதக் கற்பிக்கும் கலைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சீமையே அதைப் படித்துக்கொண்டு போயிற்று என்றால் வியப்பீர்கள்! ஆண்ட்ரூ பெல் என்றொரு ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789ஆம் ஆண்டு எழும்பூரில், படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியைக் கவனிக்க அமர்ந்தார். ஒருநாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளியைக் கண்டார். 'மலபார்' பள்ளி என்று அவர் குறிக்கிறார். அந்நாளில் ஐரோப்பியர் தமிழரையும் மலபார்கள் என்றுதான் அழைத்தனர். அங்கே பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். தாள் இல்லை, மை இல்லை, செலவு இல்லை! தம் பள்ளிக்குத் திரும்பி, 'நாமும் அப்படிச் செய்வோம்' என்றார். சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் மறுத்தனர். சுமார் 8 வயதுப் பையன் ஒருவனை அழைத்து, 'நீ சின்னவர்களுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடு' என்றார். கற்றுக்கொடுத்தான்! பெரியவர்களால் ஆகாது என்றது பிள்ளையால் ஆயிற்று. 1797இல் பெல் இதை இங்கிலாந்திலே நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அது பரவிற்று. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பணத்தால் எழுந்த 'மெட்ராஸ் கல்லூரி' இன்றும் பள்ளியாக நடக்கிறது.

பெருமைதான். ஆனால், அந்தப் பெருமையில் மயங்கிவிடலாகாது. திண்ணைப் பள்ளியின் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் தெருவுக்குள்ளேயே வரமுடியவில்லை என்ற கேள்வி ஒன்று. தாமஸ் மன்றோ 1822இல் எடுக்கச் சொன்ன கணக்கின்படி, சென்னை மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மக்கள்தொகையோ ஒன்றேகால் கோடிக்கு மேல்! இன்னொன்றும் உண்டு. மணலில் எழுதியது அடுத்த நொடி அழிந்தது. சொன்னதை எழுது, அழி, மறுபடி எழுது. பிள்ளையின் சொந்தச் சொல் ஒன்றாவது அந்த மணலில் விழுந்ததா? விழுவதற்கு அந்த முறையில் இடமே இல்லை. மணல் போய்ச் சிலேட்டு வந்தது, சிலேட்டு போய் நோட்டு வந்தது, நோட்டுக்குப் பக்கத்தில் பயிற்சி நூலும் வந்தது. கோடிட்ட இடம்தான் இன்னும் கோடிட்ட இடமாகவே இருக்கிறது. பிள்ளைக்கு நாம் விட்டுவைத்திருக்கும் இடம் அந்த ஒரு சொல்லுக்கான கோடு.

தமிழ் எழுத்தே கடினம், 247 ஆயிற்றே, அதைப் பழகவே ஆண்டுகள் போய்விடுகின்றனவே என்பாரும் உண்டு. கொஞ்சம் உண்மை இருக்கிறது. 'கெ' என்று வாய் சொல்லும்போது ககரம் முந்துகிறது. கை எழுதும்போது கொம்பு முந்துகிறது. 'கொ' என்றால் முன்னும் பின்னும் குறி. ஆறு வயது மூளை திகைக்காமல் என்ன செய்யும்? ஆனால், 247 உருவங்களை யாரும் தனித்தனியே மனப்பாடம் செய்வதில்லை. உயிரும் மெய்யும் குறியும் பிடிபட்டால் மீதி தானே வரும். இதிலும் நம் முன்னோர் சும்மா இருந்துவிடவில்லை. ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனிச் சுழி, ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை என்று பிள்ளைகளை வாட்டிய விதிவிலக்குகளை 1935இலேயே 'குடி அரசு' ஏட்டில் தூக்கி எறிந்தார் பெரியார். பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டவர், எழுத்தைத் திருத்தினார்! பண்டிதர்கள் நகைத்தார்கள். 1978இல் தமிழ்நாடு அரசே ஆணையிட்டு அதை ஏற்றது. இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதும் 'னை' அந்தச் சீர்திருத்தத்தின் பிள்ளை. எழுத்தின் சுமையைக் குறைத்தது எதற்காக? மிச்சமான நேரத்தில் மீண்டும் ஒருமுறை பார்த்து எழுதவா?

அடுத்தது, வாய்ப்பூட்டு. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பிள்ளை துணிந்து ஒரு வரி எழுதுகிறான்: 'ஊட்டாண்ட தண்ணி வந்துச்சு.' சிவப்பு மை பாய்கிறது! 'ஊட்டாண்ட' என்பதற்கு ஒரு கோடு, 'தண்ணி' என்பதற்கு ஒரு கோடு, 'வந்துச்சு' என்பதற்கு ஒரு வட்டம், கூடவே வகுப்பின் சிரிப்பு. முடிந்தது. அந்தப் பிள்ளை இனி எழுதுவானா? எழுதமாட்டான், பசுவுக்குத் திரும்பிவிடுவான். பசு ஆபத்தில்லாத பிராணி!

செந்தமிழ் முழங்கும் மேடையில் பேசிப் பழகியவன் சொல்கிறேன்: முதல் நாள் அந்த வரி அப்படியே இருக்கட்டும். மறுநாள் அதே வரியை எடுத்து, 'வீட்டருகே தண்ணீர் வந்தது என்று புத்தகத்தில் எழுதுவார்கள், நாமும் அப்படி எழுதிப்பார்ப்போமா?' என்று கேட்கட்டும் ஆசிரியர். பேச்சு ஒரு கரை, ஏடு ஒரு கரை. பாலம் போட்டுத்தான் பிள்ளையை அழைத்துப் போகவேண்டும். ஆற்றில் தள்ளி அல்ல. இராயபுரத்துப் பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பவர்க்கு ஒரு சொல். 'குந்து' என்று வடசென்னையான் சொன்னால் கொச்சை என்கிறீர்களே, அகராதியைப் புரட்டுங்கள். நம் பழந்தமிழ்ச் சொல் அங்கே குந்தியிருக்கும்!

பிரெஞ்சு நாட்டுக்குக் கொஞ்சம் போய்வருவோம். செலெஸ்தென் ஃப்ரெனே என்றொரு ஏழை ஆசிரியர். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். 1920இல் பார்-சுர்-லூப் என்ற மலைக் கிராமத்துப் பள்ளிக்கு வந்தார். நீண்ட நேரம் உரக்கப் பேச அவரால் முடியாது. மூச்சு இரைக்கும். (எங்களைப் போன்ற பேச்சாளர்கள் கவனிக்கத்தக்க செய்தி!) ஆசிரியர் பேச்சைக் குறைக்கவே, பிள்ளைகள் பேசத் தொடங்கினர். அவர்களை ஊருக்குள் அழைத்துப் போனார். தறியைப் பார்த்தார்கள், வயலைப் பார்த்தார்கள். திரும்பி வந்து, பார்த்ததைச் சொன்னார்கள், சொன்னதை எழுதினார்கள். 1924இல் ஒரு சிறு அச்சுப்பொறியை வகுப்பறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார் ஃப்ரெனே. பிள்ளைகளே எழுத்துக் கோத்தனர், பிள்ளைகளே அச்சடித்தனர். அச்சடித்த தாள்கள் எங்கோ பிரிட்டனிக் கடற்கரைப் பள்ளிக்குப் போயின. அங்கிருந்து பதில் தாள்கள் வந்தன. மலைப்பிள்ளை எழுதியதைக் கடற்பிள்ளை படித்தான். படிக்க ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும், பிழை திருத்தச் சொல்ல ஆசிரியர் வேண்டியிருக்கவில்லை. 'அவனுக்குப் புரியுமா?' என்று பிள்ளையே கேட்டான்.

அச்சுப்பொறிக்கு எங்கே போவது என்று கேட்கவேண்டாம். கையெழுத்து ஏடு நடத்திய பரம்பரை நம்முடையது. திருவாரூரில் பள்ளிச் சிறுவனாக இருந்த கலைஞர் 'மாணவ நேசன்' என்று கையாலேயே எழுதி ஏடு நடத்தினார். அந்தக் கைதான் பிற்பாடு 'முரசொலி' எழுதிற்று. பள்ளிக் கல்வித்துறை 4, 5ஆம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்' என்ற இதழைக் கொண்டுவந்தபோது எனக்கு மகிழ்ச்சி பிறந்தது. ஆனால், மாநிலம் முழுவதற்கும் ஒரு இதழ் என்றால் எத்தனை பிள்ளைக்கு அதில் இடம் கிடைக்கும்? ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு ஏடு வேண்டும். நான்கு தாளை மடித்துத் தைத்தால் ஏடு! சடையங்குப்பத்து ஏடு கோத்தகிரிப் பள்ளிக்குப் போகட்டும். 'கழிமுகம் என்றால் என்ன? அலை எவ்வளவு உயரம் வரும்?' என்று மலையிலிருந்து கேள்வி வரட்டும். அதற்குப் பதில் எழுதும் பிள்ளை எந்தக் கரும்பலகையைப் பார்ப்பான்?

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தன. பிள்ளைகள் எழுத்தையே மறந்து வந்தார்கள். 2022 ஜூனில் அந்தத் திட்டம் தொடங்கிற்று. 1 முதல் 3ஆம் வகுப்புவரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து நடத்தச் சொல்லிற்று. 2025ஆம் ஆண்டுக்குள் 8 வயதுப் பிள்ளை எவரும் படிக்க, எழுத, கணக்குப்போடத் தெரியாமல் இருக்கலாகாது என்று இலக்கும் வைத்தது. பின்தங்கிய பிள்ளையைப் பின்வரிசையில் விட்டுவிடாமல் கைப்பிடித்த திட்டம் அது. என் கேள்வி ஒன்றுதான்: 'மலர்' நிலைக்கு வந்துவிட்டான் என்று முடிவு கட்டும்போது, பிள்ளை தானாக எழுதிய ஐந்து வரி அந்தக் கணக்கில் உண்டா? ஊர் ஊராகப் போய் அளக்கும் 'ஏசர்' ஆய்வும் படிப்பையும் கணக்கையும்தான் பெரிதாக அளக்கிறது. அளக்காத ஒன்றுக்கு வகுப்பறையில் நேரம் எப்படிக் கிடைக்கும்?

நேரம்! அதுதான் முட்டுக்கட்டை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்துகிறார். அலைபேசியில் வருகைப்பதிவு, செயலியில் மதிப்பீடு, அதற்கு மேல் கேட்கும்போதெல்லாம் புள்ளிவிவரம். இத்தனைக்கும் நடுவே 30 பிள்ளைகளின் 30 விதமான வரிகளை அவர் எப்போது படிப்பார்? பார்த்து எழுதச் சொன்னால் ஒரே பார்வையில் திருத்திவிடலாம். எல்லா நோட்டிலும் ஒரே வரி. சொந்தமாக எழுதச் சொன்னால் ஒவ்வொன்றையும் படித்தாக வேண்டும், சிரிக்கவேண்டும், சில சமயம் கண்கலங்கவும் வேண்டும். ஆசிரியரைச் சோம்பேறி என்று ஏசுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நாளுக்கு ஐந்து பிள்ளைகளின் ஏட்டை மட்டும் பார்ப்பது. அவர்களோடு உட்கார்ந்து பேசுவது. ஆறு நாளில் எல்லோரும் வந்துவிடுவார்கள். இதற்கு அவருக்கு வேண்டியது நாளுக்கு அரைமணி. அந்த அரைமணியைச் செயலியிடமிருந்து பிடுங்கி வகுப்பறைக்குக் கொடுக்க வேண்டியவர்கள் அலுவலகங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மனு போடுவோம்; எழுதுவது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக இருக்கட்டும், 'ஊட்டாண்ட' என்று இருந்தாலும் திருத்தாமல் அனுப்புவோம்.