கார் ஏ.சி. குளிரவில்லையா? பணம் கட்டுமுன் கணக்குக் கேளுங்கள்

தில்லி வெயிலைப் பற்றி நம் அன்பர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 44, 45 டிகிரியைத் தொடும்போது, குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் காரில் அழைத்துப் போகிறவர்களுக்கு ஏ.சி. ஆடம்பரம் அல்ல. அந்தச் சமயம் பார்த்துத்தான் அது மக்கர் செய்யும். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "காஸ் கதம் ஹோ கயா" என்பார்கள்; இல்லையென்றால் "கம்ப்ரஸர் பைட் கயா" என்பார்கள். முன்னதற்குச் சில ஆயிரம் ரூபாய். பின்னதற்கு, காரைப் பொறுத்து, முப்பதாயிரம் நாற்பதாயிரம் என்று போய்விடும். இந்தி சரளமாக வராத நம்மவர்கள் பலர், வீண் வாக்குவாதம் எதற்கு என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

நான் டிப்ளமா படித்து, ரயில்வேயின் மின்பிரிவில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஏ.சி. பெட்டிகளின் பராமரிப்பிலேயே கழித்து ஓய்வு பெற்றவன். ரயில் பெட்டியானாலும் காரானாலும் குளிரூட்டும் தத்துவம் ஒன்றுதான். எங்கள் டிப்போவில் ஒரு பழக்கம் உண்டு. வெளி வெப்பம், உள் வெப்பம், இரண்டு பக்க அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டோம். காருக்கும் இதே நியாயம் பொருந்தும். அளந்து பார்க்காமல் சொல்லப்படும் எந்தப் பழுதுக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

குளிர்ச்சி எப்படி வருகிறது?

ஊசி போடுமுன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? ஆவியாகும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காரில் ஸ்பிரிட்டுக்குப் பதிலாக ஆர்-134ஏ என்ற காஸ் வேலை செய்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் இது ஆவியாகும்போது, காயில் வழியாக வரும் காற்று குளிர்கிறது. ஆவியானதைக் கம்ப்ரஸர் உறிஞ்சி, அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. அங்கே விசிறிக் காற்றில் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற சிறிய துவாரத்தின் வழியாகக் கூலிங் காயிலுக்கே திரும்புகிறது. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

பழைய கார்களில் ஆர்-12 இருந்தது. ஓசோன் படலத்துக்குக் கேடு என்பதால் 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. அண்மைக் கார்கள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறொரு காஸ் வருகிறது. உங்கள் காரில் எந்தக் காஸ், எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள சிறிய லேபிளில் இருக்கும். அதை இன்றே பார்த்துக் குறித்து வையுங்கள்.

காஸ் தீர்ந்துபோகுமா?

பெட்ரோல் எரிந்து தீர்கிறது. ஏ.சி. காஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. அதே காஸ்தான் சுற்றி வருகிறது. வீட்டு ஃபிரிட்ஜில் பதினைந்து வருஷமானாலும் யாரும் காஸ் நிரப்புவதில்லையே! அதன் குழாய்கள் பற்றவைத்து மூடப்பட்டவை. காரில் எஞ்சின் ஆடுவதால் சில இடங்களில் ரப்பர் ஹோஸ் போட வேண்டியிருக்கிறது. கம்ப்ரஸரின் சுழலும் தண்டில் ஒரு சீல் வேண்டியிருக்கிறது. இவற்றின் வழியாக ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பே. ஆகவே ஐந்தாறு வருஷம் ஓடிய காரில் குளிர்ச்சி சற்றுக் குறைந்தால் காஸ் நிரப்புவதில் தவறில்லை. ஆனால் போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லை என்றால் நிச்சயம் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதற்குச் சமம்.

பல சிறிய கார்களின் மொத்தக் கொள்ளளவே அரைக் கிலோவுக்கும் குறைவு. அதில் நூறு கிராம் போனாலும் குளிர்ச்சியில் தெரிந்துவிடும். காஸுடன் கம்ப்ரஸர் எண்ணெயும் கலந்து ஓடுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்க் கறை படிந்து அதன்மேல் தூசி ஒட்டியிருக்கும். குழாய் இணைப்புகள், கல் தெறித்த கண்டென்ஸர், கம்ப்ரஸரின் முன்பகுதி ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். மெக்கானிக்கிடம் இதற்கு முறையான சோதனைகள் உண்டு. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். சாயம் கலந்து நீல விளக்கில் பார்க்கலாம். வாக்குவம் இழுத்து அரை மணி நேரம் நிற்கிறதா என்று கவனிக்கலாம். எதுவும் செய்யாமல் "லீக் இருக்கிறது, கூலிங் காயிலை மாற்ற வேண்டும்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காயிலை எடுக்கப் பல கார்களில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். கூலி மட்டுமே பெரிய தொகையாகிவிடும்.

நீங்களே பார்க்கக்கூடியவை

ஒர்க்‌ஷாப்புக்குப் போகுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, கீழ்க்கண்டவற்றைக் கவனித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. காற்று குறைவாக வருகிறது, ஆனால் வருவது சில்லென்று இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் கேபின் ஃபில்டர் மீது. பெரும்பாலான கார்களில் இது இடப்பக்கக் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். தில்லிப் புழுதிக்கு ஒரே வருஷத்தில் கம்பளி போல் அடைத்துக்கொள்ளும். புதிய ஃபில்டருக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

2. ரிங் ரோட்டில் ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறது என்றால் கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை. விசிறி சுழலாமல் இருக்கலாம். கண்டென்ஸரில் அழுக்கு அடைத்திருக்கலாம். காஸ் குறைவினாலும் சில சமயம் இப்படி ஆகும் என்றாலும், முதலில் விசிறியைப் பாருங்கள்.

3. நீண்ட தூரம் போகும்போது ஒரு மணி நேரம் கழித்துக் காற்று மெலிந்து, ஏ.சி.யைச் சற்று நேரம் அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் கூலிங் காயிலில் பனிக்கட்டி உறைகிறது. அழுக்கு ஃபில்டரோ வெப்பத்தை உணரும் சென்ஸரோ காரணமாக இருக்கலாம்.

4. ஏ.சி. பொத்தானை அழுத்தினால் "டக்" என்று கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கும் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காஸ் மிகக் குறைந்தாலும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது. ஆக, கம்ப்ரஸர் ஓடவில்லை என்பதற்காக அது கெட்டுவிட்டது என்று ஆகாது. சில புதிய கார்களில் கிளட்ச்சே கிடையாது. அவற்றில் ஓசை வராதது குறையல்ல.

5. காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. காற்றின் ஈரம்தான் அப்படி வடிகிறது. அது காஸ் கசிவு அல்ல. வெளியே சொட்டாமல் முன்சீட்டில் இருப்பவரின் காலடியில் ஈரமானால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

6. ஒரு சிறிய வெப்பமானியை நடு வென்டில் செருகி, கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றே சுற்றும்படி வைத்து, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கையில் 7 முதல் 12 டிகிரி வரை காட்டினால் ஏ.சி. நன்றாகவே இருக்கிறது. வெளியே 43, 44 என்றால் நான்கைந்து டிகிரி கூடத்தான் செய்யும்.

எச்சரிக்கையாக ஒன்று: எஞ்சின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் விசிறி திடீரென்று சுழலக்கூடும். கையையோ துப்பட்டா, புடவைத் தலைப்பையோ அருகில் கொண்டு போகாதீர்கள். காஸ் குழாயின் இணைப்புகளை நீங்களே திறக்கவும் வேண்டாம். பீறிடும் காஸ் தோலையும் கண்ணையும் உறைய வைத்துப் புண்ணாக்கிவிடும்.

கேஜ் சொல்வது என்ன?

மெக்கானிக்கிடம் நீலம், சிவப்பு என்று இரண்டு முகங்கள் கொண்ட கேஜ் இருக்கும். நீலம் கம்ப்ரஸர் உறிஞ்சும் பக்கம். சிவப்பு தள்ளும் பக்கம். ஆர்-134ஏ உள்ள காரில், வெளியே 35 டிகிரி இருக்கும்போது, ஏ.சி. ஓடுகையில் நீலத்தில் சுமார் 30 முதல் 45 பி.எஸ்.ஐ., சிவப்பில் சுமார் 200 முதல் 250 வரை இருக்கலாம். வெயில் ஏற ஏறச் சிவப்பு இன்னும் ஏறும்.

இரண்டும் குறைவு: காஸ் குறைவு.
இரண்டும் அதிகம்: கண்டென்ஸரில் அழுக்கு, விசிறிக் கோளாறு, அல்லது காஸ் அளவுக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கிறது.
நீலம் அதிகம், சிவப்பு குறைவு: கம்ப்ரஸர் சரியாக அழுத்தவில்லை.
நீலம் பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறது: எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு.

ஏ.சி. ஓடாதபோது கேஜில் "பிரஷர் நன்றாக இருக்கிறது" என்று காட்டினால் அதை வைத்துக் காஸ் முழுதாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலும், 35 டிகிரியில் அழுத்தம் ஏறக்குறைய 115 பி.எஸ்.ஐ. காட்டும். சமையல் காஸ் சிலிண்டரில் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரி எரிவதைப் போலத்தான். சரியான அளவு வேண்டுமானால், இருப்பதை முழுவதும் வெளியே எடுத்து, வாக்குவம் இழுத்து, லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு ஏற்ற வேண்டும். "ஃபுல் கர் தியா" என்பது அளவாகாது.

ஓர் உதாரணம்

மயூர் விஹாரில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் கம்ப்ரஸர், கண்டென்ஸர், காஸ், கூலி எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் தாளைக் காட்டினார். "சார், ஓடும்போது குளிர்கிறதா?" என்று கேட்டேன். "நொய்டா ஹைவேயில் நடுங்குகிற அளவுக்குக் குளிர்கிறது. சிக்னலில்தான் வேகிறது" என்றார். கெட்டுப்போன கம்ப்ரஸர் ஹைவேயில் மட்டும் எப்படி நடுங்க வைக்கும்? பானெட்டைத் திறந்து ஏ.சி.யைப் போட்டோம். கண்டென்ஸர் விசிறி அசையவே இல்லை. பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் சோதித்து, ரிலே எரிந்திருப்பதைக் கண்டுபிடித்து மாற்றினார். கூலியோடு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. எழுதிக் கொடுத்த தாளில் ஓர் இடத்திலாவது கேஜ் ரீடிங் இருந்ததா என்று பார்த்தேன்; இல்லை.

பெரிய தொகை நியாயமாகும் இடம்

எல்லாப் பெரிய பில்லும் மோசடி அல்ல. கம்ப்ரஸர் உண்மையிலேயே இறுகி உடைந்திருந்தால், உலோகத் துகள்கள் காஸோடு ஓடிக் கண்டென்ஸரிலும் வால்விலும் அடைத்திருக்கும். கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் அந்தத் துகள்கள் புதியதையும் கெடுக்கும். அப்போது கண்டென்ஸர், டிரையர், வால்வு மூன்றையும் மாற்றச் சொல்வது சரியே. ஆனால் கழற்றிய குழாயில் உள்ள எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பாகவோ, வெள்ளிப் பொடி மின்னுவதாகவோ இருந்தால் அவர்கள் சொல்வது உண்மை. அதுபோல, பழுது பார்க்கக் குழாயைத் திறந்தால் டிரையரைப் புதிதாகப் போடுவதும் நல்ல பழக்கம்.

எதற்குச் சம்மதிக்க வேண்டாம்? வருஷா வருஷம் "காஸ் டாப்-அப்", ஓட்டையைத் தானே அடைக்கும் என்று விற்கும் டப்பா மருந்து, பெயர் தெரியாத மலிவுக் காஸ் ஆகிய மூன்றுக்கும். மலிவுக் கலவைகளில் தீப்பற்றக்கூடியவையும் உண்டு.

கேட்க வேண்டியவை

நம் பெண்மணிகளும் தயங்காமல் கேட்க வசதியாக, இந்தியிலேயே தருகிறேன்.

"கேஜ் லகாகே ரீடிங் திகாயியே." கேஜ் வைத்து ரீடிங் காட்டுங்கள்.
"லீக் கஹாங் ஹை, திகாயியே." கசிவு எங்கே என்று காட்டுங்கள்.
"கித்னே கிராம் காஸ் டாலா?" எத்தனை கிராம் காஸ் ஏற்றினீர்கள்?
"பார்ட் அவுர் லேபர் அலக் அலக் லிக்கியே." பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியே எழுதுங்கள்.
"புரானா பார்ட் வாபஸ் தீஜியே." பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

பெரிய தொகை என்றால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, இன்னோர் இடத்திலும் காட்டுங்கள். வண்டிக்கு வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பில் கையில் இருந்தால்தான் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிட முடியும்.

கடைசியாகப் பராமரிப்பு பற்றி இரண்டு வார்த்தை. கோடை தொடங்குமுன் ஃபில்டரை மாற்றி, கண்டென்ஸரை மெல்லிய நீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் அதன் தகடுகள் மடங்கிவிடும். தில்லிக் குளிர்காலத்திலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட விடுங்கள். அப்போதுதான் எண்ணெய் சுற்றிக் கம்ப்ரஸர் சீல் காய்ந்துபோகாமல் இருக்கும். கண்ணாடியில் படியும் மூட்டமும் விலகும்.

நல்ல மெக்கானிக் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கேஜை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள், நம் அன்பர்கள் நாலு பேருக்கும் சொல்லுங்கள். எழுதி வாங்கிய எஸ்டிமேட்டில் சந்தேகம் உள்ளவர்கள் அதைச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்து வரலாம். என்னால் ஆனதைப் பார்த்துச் சொல்கிறேன்.