சிகிச்சைக்குப் பின் கைகொடுக்கும் பண்டல் கடை

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பெண்கள் பலருக்கு அலமாரியில் இருக்கும் சட்டைகள் சேராமல் போகின்றன. கீமோவில் உடல் மெலியலாம். ஸ்டீராய்டு மருந்தால் பருக்கவும் செய்யலாம். சில மாதங்களில் உடம்பு மறுபடி மாறக்கூடும் என்பதால் புதுத்துணிக்குச் செலவழிக்க மனம் வராது.

ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பயன்படுத்திய ஆடைகள் பண்டல் கடைகளில் சில வெள்ளிக்கே கிடைக்கின்றன. மாதக்கணக்கில் மருந்தையும் தேதியையும் மருத்துவரே முடிவு செய்த பிறகு, நீலமா பூப்போட்டதா என்று தானே பொறுக்கி எடுப்பது சின்ன விஷயமல்ல. “யாரோ போட்ட துணியா?” என்று முகம் சுளிக்கும் உறவினர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

முதலில் தேட வேண்டியது முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை. அறுவைக்குப் பின் கையைத் தூக்கித் தலைவழியே மாட்டுவது கடினம். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் இறுக்கமான கை வேண்டாம். கதிர்வீச்சு பட்ட தோலுக்குத் தளர்வான பருத்தியே இதம்.

கீமோ போட்ட ஓரிரு வாரங்களில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்நாள்களில் கூட்டத்தில் நிற்காமல், மகளைக் கடைக்கு அனுப்பி, வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். வாங்கியதை வெந்நீரில் துவைத்து, நன்கு காயவைத்த பிறகே உடுத்த வேண்டும்.