தாழை: அதன் இயல்பும் பயனும்

தென்னிந்தியக் கடற்கரைகளிலும், ஆற்று முகத்துவாரங்களிலும், வாய்க்கால் கரைகளிலும் தானாகவே வளரும் புதர்களுள் தாழை முக்கியமானதாகும். கைதை, கேதகை என்பன இதற்குரிய மற்றப் பெயர்கள். பழந்தமிழ் நூல்கள் இதனை நெய்தல் நிலத்துக்குரியதாகக் கூறும். தாழம்பூவின் மணத்தை அறியாதார் இலர். ஆயினும் அச்செடியின் இயல்பை அறிந்தவர் சிலரே. இதனால், கரையைச் சுத்தம் செய்யுங்கால் பயனுள்ள புதர்கள் வேரோடு அகற்றப்படுவதும், பூவை விரும்பி நட்டவர்கள் பல ஆண்டுகள் காத்திருந்து ஏமாறுவதும் நேர்கின்றன.

செடியின் அமைப்பு

தாழை சுமார் 10 முதல் 20 அடி உயரம் வரை வளர்ந்து, பல கிளைகளாகப் பிரிந்து படரும். தண்டின் அடிப்பாகத்திலிருந்தும் கிளைகளிலிருந்தும் பருத்த விழுதுகள் இறங்கி மண்ணில் ஊன்றிக் கொள்கின்றன. தளர்ந்த மணலிலும் சேற்றிலும் செடி சாயாது நிற்பதற்கு இவ்விழுதுகளே காரணம். ஓலைகள் 3 முதல் 5 அடி நீளமுள்ளவை. திருகு சுற்றாக அமைந்தவை. ஓலையின் இரு விளிம்புகளிலும், அடிப்புறத்து நடுநரம்பிலும் கூரிய முட்கள் உண்டு. இம்முட்களின் காரணமாகவே ஆடுமாடுகள் இதனை நெருங்குவதில்லை. உப்புக் காற்றையும் உவர் நீரையும் இச்செடி பொறுக்கும்.

ஆண் செடியும் பெண் செடியும்

தாழையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மணமுள்ள பூ ஆண் செடியில் மட்டுமே உண்டாகிறது. நாம் மடல் என்று வழங்குவது உண்மையில் பூவிதழ் அன்று. பூங்கொத்தை மூடி நிற்கும் வெண்மஞ்சள் நிறப் பாளையோலையே அது. அதனுள் மகரந்தம் நிறைந்த கதிர்கள் பல இருக்கும். மடல் விரிந்தபின் வாசனை விரைவில் குறைந்துபோகும்.

பெண் செடியில் அன்னாசிப் பழத்தை ஒத்த காய் தோன்றி, முற்றியதும் செம்மஞ்சள் நிறமடைகிறது. அது பல சிறு கட்டைகள் ஒன்றுசேர்ந்தது. நாருள்ள அக்கட்டைகள் நீரில் மிதக்கும் இயல்புடையவை. கடலலை அவற்றை வேறு கரைகளில் ஒதுக்க, அங்கே அவை முளைக்கின்றன. ஆகவே பெண் செடி மணமற்றதாயினும் பயனற்றதன்று. விதையால் இனம் பெருகுவது அதனாலேயே.

பாம்பைப் பற்றிய நம்பிக்கை

தாழம்பூவின் வாசனைக்குப் பாம்பு வரும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. பாம்பு பூவை நாடி வருவதன்று. அடர்ந்த நிழலும் ஈரமும் உள்ள புதரில் தவளையும் எலியும் தங்குகின்றன. அவற்றைத் தேடியே பாம்பு வருகிறது. எனவே பூப்பறிப்போர் அடிப்பகுதியைக் கோலால் தட்டிப் பார்த்து இறங்குதல் தகும். இதன்பொருட்டுப் புதர் முழுவதையும் அழிப்பது வேண்டுவதன்று. உலர்ந்த ஓலைகளைக் கழித்துவந்தால் போதுமானது.

கஞ்சம் ஜில்லாவின் அனுபவம்

1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி ஒரிஸ்ஸா தனி மாகாணமாகும் வரையில், கஞ்சம் ஜில்லா சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்தது. அங்கே சத்திரபூர், கோபால்பூர் முதலிய இடங்களைச் சூழ்ந்த கிராமங்களில், வயல் வரப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் நிற்கும் தாழையே குடியானவர்களுக்கு ஒரு வருமானமாக இருந்து வருகிறது. அதிகாலையில் பறித்த பூக்கள் தாமதமின்றி வடிசாலைக்குச் சேர்க்கப்படுகின்றன. செம்புப் பானையில் பூவையும் நீரையும் இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரவைத்துத் தாழம்பன்னீரும் தைலமும் எடுக்கின்றனர். அவ்வாவியைச் சந்தன எண்ணெயில் சேர்ப்பது அத்தர் செய்யும் பழைய முறையாகும். இந்தியாவில் உண்டாகும் தாழந்தைலத்தின் பெரும்பகுதி இந்த ஒரு ஜில்லாவினின்றே வருகிறது.

ஆயினும் தாழையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது என்பதையும் அவ்விடத்து அனுபவம் காட்டுகிறது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி கோபால்பூர் அருகே கரையேறிய பைலின் புயலில் தாழம்புதர்களும் சேதமுற்றன. வரப்பிலும் கரையிலும் துணைப்பயிராக வைப்பதே இதற்குத் தக்க இடம்.

நடும் முறை

விதையிலிருந்து வரும் செடி ஆணோ பெண்ணோ என்பது பூக்கும் வரையில் தெரியாது. ஆதலால் பூவை வேண்டுவோர், பூத்ததைக் கண்ணால் கண்ட ஆண் செடியிலிருந்தே பக்கக் கன்றுகளை எடுக்கவேண்டும். தாய்ச்செடி ஆணாயின் கன்றும் ஆணாகவே இருக்கும். ஓலைகளைப் பாதியளவு நறுக்கிவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில், 8 முதல் 10 அடி இடைவெளி விட்டு நடலாம். 3 அல்லது 4 ஆண்டுகளில் பூக்கத் தொடங்கும். முதலாண்டில் வேர் பிடிக்கும் வரையில் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறுகிய வாய்க்காலின் உட்சரிவில் நட்டால் விழுதுகள் நீரோட்டத்தைத் தடுக்கும். கரையின் வெளிச்சரிவிலும் புன்செய் எல்லையிலும் நடுதல் நலம்.

கவனிக்கத்தக்கவை

கிராம அதிகாரிகள் வாய்க்கால் கரைகளைச் செப்பனிடும்போது, நீரினுள் நீண்ட கிளைகளையும் விழுதுகளையும் மட்டும் வெட்டச்செய்து, கரையைப் பற்றி நிற்கும் அடிப்புதரை விட்டுவைத்தல் வேண்டும். வேரோடு பெயர்த்த கரையின் மண் அடுத்த வெள்ளத்திலேயே கரையக்கூடும். புதிய செடி அவ்விடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் செல்லும். புறம்போக்கு நிலத்திலுள்ள புதரை அனுமதியின்றி வெட்டாதபடி கண்காணிப்பதும் அவர்கள் கடமையே.

ஓலையால் பாயும் பெட்டியும் முடையலாம். விழுதை நசுக்கினால் சுண்ணாம்பு அடிக்கும் தூரிகையாகும். இத்தனை பயனுள்ள செடிக்கு உரமும் இறைப்பும் பெரிதாகத் தேவையில்லை. உள்ளதை அழியாமல் காப்பதும், நடும்போது ஆண் செடியின் கன்றைத் தெரிந்தெடுப்பதும் ஆகிய இரண்டையும் விவசாயிகள் மறவாதிருப்பார்களாக.