உருக்கக் கொடுக்காதீர்கள்

ஐந்து பவுன் சங்கிலியை மாற்றப் போகிறார்கள். கடைக்காரர் கேரட் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, "டச் 88தான் வருதும்மா" என்கிறார், அதாவது நூற்றுக்கு 88 பங்குதான் தங்கம். 916 என்று சொல்லித்தானே வேறொரு கடையில் வாங்கினோம் என்றால், "உருக்கிப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்று பதில். உடனே தலையாட்டிவிடுகிறார்கள். சற்று நேரத்தில் சங்கிலி கட்டியாகிவிடுகிறது. அதிலிருந்த ஹால்மார்க் முத்திரையும் போயிற்று, விற்ற கடையைக் கேள்வி கேட்க இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. திரும்பத் திரும்ப இதையேதான் பார்க்கிறேன்.

சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும், நகைக்கு நிற்காது. அதனால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கமும் மீதிக்குச் செம்பு, வெள்ளியும் சேர்த்தால் 22 கேரட். அந்த மீதி கொஞ்சம் கூடினாலும் கண்ணுக்குத் தெரியாது. கேரட் மீட்டர் எக்ஸ் கதிரை வைத்து மேற்பரப்பை மட்டும் பார்க்கிற கருவி. அதன் சீட்டு மட்டும் வழக்குக்குப் போதாது. இன்னும் சிலர் "கேடிஎம் நகைதானே?" என்று கேட்டு வாங்குகிறார்கள். அது காட்மியம் கலந்த பற்றவைப்பு. அதன் புகை பொற்கொல்லர்களின் நுரையீரலைக் கெடுத்தது. தங்கத்தின் தரத்துக்கு அது சான்றே இல்லை.

வாங்கும்போதே பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கட்டாய ஹால்மார்க் உள்ள மாவட்டங்களில் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள எண் இல்லாமல் கடைகள் நகை விற்கக் கூடாது (இரண்டு கிராமுக்குக் குறைந்தவை போன்ற சில விலக்குகள் உண்டு). பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 22கே916, எச்.யு.ஐ.டி. மூன்றும் நகையில் இருக்க வேண்டும். பொடி எழுத்து; கடையில் பூதக்கண்ணாடி வைத்திருக்க வேண்டும், கேளுங்கள். அந்த ஆறையும் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் பதிவு பெற்ற கடை, ஹால்மார்க் மையம், நகையின் வகை, தரம் எல்லாம் வரும். கையில் சங்கிலி இருக்க, செயலி மோதிரம் என்று காட்டினால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

அடுத்தது பில். 3 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று எஸ்டிமேட் சீட்டோடு வந்துவிடுகிறவர்களை என்ன சொல்வது? ஒவ்வொரு நகையின் நிகர எடை, கேரட், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

தரத்தில் சந்தேகம் வந்தால் நகையை அப்படியே பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்துக்கு எடுத்துப் போங்கள். பொதுமக்கள் நகையையும் அங்கே சோதிப்பார்கள். நான்கு நகை வரை 200 ரூபாய், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் நகைக்கு 45 ரூபாய் என்பது பி.ஐ.எஸ். அறிவித்த கட்டணம். அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைந்திருந்தால், 2018 பி.ஐ.எஸ். விதிகளின் 49ஆம் விதிப்படி, குறைந்த தங்கத்தின் மதிப்பைப்போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் உங்களுக்கு வர வேண்டும். 40 கிராம் சங்கிலியில் 916க்குப் பதில் 880 இருந்தால் 1.44 கிராம் தங்கம் குறைகிறது, இழப்பீடு 2.88 கிராமின் விலை. ஹால்மார்க் பார்த்து வாங்குங்கள் என்று விளம்பரம் செய்கிற அதிகாரிகள் இந்த இரு மடங்கையும் அதே பெரிய எழுத்தில் போட்டால் என்ன?

பில் நகலையும் சோதனை அறிக்கையையும் இணைத்து, விற்ற கடைக்கு முதலில் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் பி.ஐ.எஸ். கேர் செயலியில் புகார் செய்யலாம். சென்னைக்காரர்கள் தரமணி பி.ஐ.எஸ். அலுவலகத்துக்கே போகலாம். 1915 நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நகைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் மனு போக வேண்டும். இதெல்லாம் முடியும்வரை நகை உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், உருக்குகிறவர் கையில் அல்ல.