எதற்கும் காணாத காய்களில் ஒரு பொரியல்!

ஞாயிறு மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் அள்ளி வந்த காய், வெள்ளிக்கிழமை பசுமலை வீட்டு ஃப்ரிட்ஜில் எப்படி இருக்கும்? ஒரு கேரட், ஒரு கைப்பிடி பீன்ஸ், கால் துண்டு முட்டைகோஸ். தனித்தனியாக எதற்கும் காணாது. சேர்த்தால் நாலு பேருக்குப் பொரியல் ரெடி!

வரிசைதான் முக்கியம். மூன்றையும் பொடியாக நறுக்குங்கள். கடுகு, உளுந்து, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயத்தை வதக்குங்கள். முதலில் பீன்ஸ், தண்ணீர் தெளித்து மூடி 5 நிமிடம். அடுத்து கேரட், 3 நிமிடம். கடைசியாக கோஸும் உப்பும். கோஸ் தண்ணீர் விடும். அதனால் மூடாமல் 4 நிமிடம் கிளறுங்கள். ஒன்றாகப் போட்டால் பீன்ஸ் வேகாது, கோஸ் குழைந்துவிடும்.

இறக்கும்போது தேங்காய்த் துருவல் தூவுங்கள். தேங்காய் இல்லையா? பொட்டுக்கடலைப் பொடி 1 ஸ்பூன் போதும். மிச்ச ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

லேசாக வாடிய காய் பரவாயில்லை. கொழகொழத்ததும் பூஞ்சை பிடித்ததும் வேண்டாம்.

இந்திய வீடுகளில் ஆண்டுக்கு ஒருவருக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாகிறது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை. அடுத்த முறை மார்க்கெட்டுக்குப் பையை எடுக்கும் முன், ஃப்ரிட்ஜின் காய்கறி டிரேயை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அன்றைய பொரியல் அங்கேயே இருக்கலாம்!