அடிக்கடி பறப்போர் திட்டமும் உயர்நிலைத் தகுதியும் (கடலூர், சிதம்பரம் வட்டாரப் பயணிகளுக்கான விளக்கம்)

அடிக்கடி பறப்போர் திட்டம் என்பது, ஒரு விமான நிறுவனத்தில் திரும்பத் திரும்பப் பயணம் செய்வோருக்கு அந்நிறுவனம் புள்ளிகள் வழங்கி, அவற்றுக்கு ஈடாக இலவசச் சீட்டு, உயர் வகுப்பு இருக்கை போன்ற சலுகைகளை அளிக்கும் ஏற்பாடு ஆகும். இப்புள்ளிகளைப் பேச்சு வழக்கில் ‘மைல்ஸ்’ என்றும் ‘பாயிண்ட்’ என்றும் சொல்வர். ஓராண்டில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பறந்தவருக்கு வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்பன போன்ற பெயர்களில் தனித் தகுதி தரப்படும். இதுவே உயர்நிலைத் தகுதி எனப்படுகிறது. புள்ளி செலவழிந்தால் தீர்ந்துவிடும். தகுதி அப்படிச் செலவாவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் மீண்டும் ஈட்ட வேண்டியது. இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

வட்டாரப் பின்னணி

கடலூர், சிதம்பரம் பகுதியிலிருந்து வெளிநாடு செல்வது புதிதன்று. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் முதலிய ஊர்களில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளோடு தொடர்புள்ள குடும்பங்கள் பல. முன்பு இப்பயணம் கப்பலில் நடந்தது. ‘ரஜுலா’ என்ற கப்பலும், அதற்குப் பின் ‘சிதம்பரம்’ என்ற பெயர் கொண்ட கப்பலும் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்தன. 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ கப்பலில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின் அச்சேவை முடிவுக்கு வந்தது. அதன் பிறகு விமானமே வழியாயிற்று.

மாவட்டத்தில் நெய்வேலியில் ஓர் ஓடுதளம் உண்டு; ஒரு காலத்தில் வாயுதூத் விமானங்கள் அங்கு வந்து சென்றன. 2017இல் தொடங்கிய உடான் திட்டத்திலும் நெய்வேலி சேர்க்கப்பட்டது. கடலூருக்கு அருகிலுள்ள புதுச்சேரி நிலையத்திலிருந்து ஐதராபாத், பெங்களூரு நகரங்களுக்கு 2024 டிசம்பரில் இண்டிகோ சேவை தொடங்கியது. எனினும் வெளிநாடு செல்வோர் பெரும்பாலும் சென்னை அல்லது திருச்சி நிலையத்தையே நம்பியுள்ளனர். சிதம்பரத்திலிருந்து ரயிலில் வருபவர் தாம்பரத்தில் இறங்கி, புறநகர் ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரிலேயே சென்னை விமான நிலையம்.

தோற்றமும் வளர்ச்சியும்

1978இல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்கள், வழித்தடங்கள் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. நிறுவனங்களுக்கிடையே போட்டி மூண்டது. வந்த பயணியைப் பிற நிறுவனத்திற்குப் போகவிடாமல் தக்கவைக்க வேண்டிய நிலை உருவாயிற்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981 மே 1 அன்று ‘ஏஅட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. ‘சேபர்’ என்ற கணினி முன்பதிவு முறையில் இருந்த தரவுகளைக் கொண்டு அடிக்கடி பறப்போர் யார் என்பதை அது கண்டறிந்தது. பிற நிறுவனங்களும் விரைவில் பின்பற்றின.

இந்தியாவில் 1990களில் தனியார் விமானங்கள் வந்தபின் இத்திட்டங்கள் பரவின. ஏர் இந்தியாவின் ‘ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்’ 1994இல் தொடங்கியது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது, விஸ்தாராவின் உறுப்பினர்களும் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டனர். அத்திட்டம் இன்று ‘மகாராஜா கிளப்’ எனப்படுகிறது. நெடுங்காலம் இத்தகைய திட்டம் இல்லாமலே இயங்கிய இண்டிகோவும் 2024இல் ‘ப்ளூசிப்’ திட்டத்தை அறிமுகப்படுத்தியது.

கூட்டணிகள்

ஒரு நிறுவனத்தில் பெற்ற தகுதி மற்றொன்றிலும் செல்லுபடியாவதற்கு விமானக் கூட்டணிகள் காரணம். ஸ்டார் அலையன்ஸ் 1997இலும், ஒன்வேர்ல்டு 1999இலும், ஸ்கைடீம் 2000இலும் தோன்றின. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதே கூட்டணியில் உள்ளது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 மே மாதம் ஒன்வேர்ல்டில் சேர்ந்தது. கூட்டணியில் சேராத மலிவுக் கட்டண விமானங்களில் இந்தத் தகுதி பொதுவாகப் பயன்படாது.

தகுதியால் கிடைப்பவை

ஸ்டார் அலையன்ஸின் தங்கத் தகுதி ஓர் எடுத்துக்காட்டு. அதைப் பெற்றவருக்குப் பின்வருவன கிடைக்கும்.

1. தனி வரிசையில் பயணப் பதிவும், முன்னதாக விமானம் ஏறும் வசதியும்.
2. எடைக் கணக்கில் 20 கிலோ, அல்லது எண்ணிக்கைக் கணக்கில் ஒரு பெட்டி கூடுதல்.
3. சாதாரண வகுப்புச் சீட்டு வைத்திருந்தாலும் ஓய்வறையில் அனுமதி.
4. பெட்டிகள் முன்னுரிமையோடு இறக்கப்படுதல்.
5. காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை.

இவற்றுள் ஓய்வறையும் தனி வரிசையும் சொகுசு. கூடுதல் எடையும் காத்திருப்போர் பட்டியல் முன்னுரிமையும் தேவை. ஊரில் ஒரு சாவு என்று செய்தி வந்து உடனே புறப்பட வேண்டியவருக்குப் பட்டியலில் ஓரிடம் முன்னே இருப்பது பெரிய உதவி. இரண்டாண்டுக்கு ஒருமுறை வீட்டார் அனைவருக்கும் பொருள் வாங்கிக்கொண்டு வருபவருக்குக் கூடுதல் 20 கிலோ பெரிய உதவி. ஆனால் அவர்களுக்கு அது கிடைக்கிறதா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ‘கிரிஸ்ஃப்ளையர்’ திட்டத்தில் 12 மாதங்களில் 25,000 தகுதி மைல்கள் சேர்த்தால் வெள்ளி நிலை. 50,000 சேர்த்தால் தங்க நிலை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,800 மைல். போய்வர 3,600 மைல்.

பறந்த தொலைவு முழுவதும் கணக்கில் சேர்ந்தால்:
வெள்ளி நிலைக்கு: 25,000 ÷ 3,600 = ஏறத்தாழ 7 முறை.
தங்க நிலைக்கு: 50,000 ÷ 3,600 = ஏறத்தாழ 14 முறை.

மலிவான சீட்டு வகைகளுக்குத் தொலைவில் ஒரு பகுதியே கணக்கில் சேரும். பாதி சேர்ந்தால் தங்க நிலைக்கு ஓராண்டில் 28 முறை போய்வர வேண்டும். மாதந்தோறும் நிறுவனச் செலவில் பறக்கும் மேலாளருக்கு முதல் கணக்கு எட்டும் தூரத்தில் உள்ளது. கட்டுமானப் பணியிலோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்து, விடுப்புக்கு ஒருமுறை ஊர் திரும்பும் தொழிலாளி எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அந்த நிலையை எட்ட முடியாது. பத்தாண்டில் பத்து முறை வந்தாலும் தகுதிக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். கூடுதல் எடை யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு அது கட்டணத்தின் பேரிலேயே கிடைக்கிறது.

திட்டத்தின் நோக்கம் நெடுநாள் பயணிக்கு நன்றி சொல்வது என்று பலர் எண்ணுகின்றனர். நோக்கம் அதுவன்று. அதிகப் பணம் தரும் பயணியைத் தக்கவைப்பதே நோக்கம். டெல்டா, யுனைடெட் ஆகியவை 2015இலும் அமெரிக்கன் 2016இலும், பறந்த தொலைவுக்குப் பதிலாகச் செலவிட்ட பணத்தை வைத்துப் புள்ளி வழங்கத் தொடங்கியது இதை வெளிப்படையாகக் காட்டுகிறது.

புள்ளிகள் பணமா?

விமான நிறுவனங்கள் புள்ளிகளை வங்கிகளுக்கும் கடன் அட்டை நிறுவனங்களுக்கும் விற்கின்றன. வங்கிகள் அவற்றைத் தம் வாடிக்கையாளருக்குப் பரிசாக அளிக்கின்றன. இந்த வணிகம் எவ்வளவு பெரியது என்பது 2020 பெருந்தொற்றுக் காலத்தில் தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் நிறுவனம் தன் புள்ளித் திட்டத்தை ஈடாகக் காட்டி 680 கோடி டாலர் கடன் திரட்டியது.

நிறுவனத்துக்கு அது சொத்து. பயணிக்கோ அது ஒரு வாக்குறுதி மட்டுமே. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் பறப்பதை நிறுத்தியது. அதன் ‘கிங் கிளப்’ புள்ளிகளால் இலவசமாகப் பறக்க விமானமே இல்லாமற்போயிற்று. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. அதன் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் புள்ளிகள் ‘இன்டர்மைல்ஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தன. ஆனால் ஜெட் விமானத்தில் அனுபவிக்க வேண்டிய பிளாட்டினம் தகுதி பொருளற்றதாயிற்று.

நிறுவனம் நன்றாக இயங்கும்போதும் புள்ளிகள் காலாவதியாகலாம். கிரிஸ்ஃப்ளையர் மைல்களுக்கு ஆயுள் மூன்றாண்டு. மேலும், இலவசச் சீட்டு என்பது முற்றிலும் இலவசமன்று. விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் பயணியே செலுத்த வேண்டும்.

பெயர்ச் சிக்கல்

தமிழ்ப் பயணிகள் புள்ளிகளை இழப்பதற்குப் பெயர் ஒரு முக்கியக் காரணம். தமிழரிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டும். ‘க. முருகன்’ என்று பள்ளிச் சான்றிதழில் உள்ளவர், பாஸ்போர்ட்டில் பெயர் ‘முருகன்’, குடும்பப் பெயர் ‘கந்தசாமி’ என ஆகிறார். அவர் உறுப்பினர் கணக்கை ‘முருகன் கே’ என்று தொடங்கி, சீட்டைப் பாஸ்போர்ட்டின்படி வாங்கினால் இரண்டும் பொருந்தாது. புள்ளி சேராமல் போகலாம்.

குடும்பப் பெயர்ப் பகுதியை வெறுமையாக விட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை வந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதித்தது. பின்னர், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கப்படும் எனத் தெளிவுபடுத்தப்பட்டது.

எப்போதாவது பறப்பவர் செய்ய வேண்டியவை

1. உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லாத திட்டத்தில் சேர்ந்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் பதிவு செய்க.
2. சிதம்பரம், கடலூர் டிராவல்ஸ் வழியே சீட்டு எடுத்தாலும் உறுப்பினர் எண்ணைச் சேர்க்கச் சொல்க.
3. போர்டிங் பாஸைப் புள்ளி கணக்கில் ஏறும்வரை பத்திரப்படுத்துக. சேரவில்லையெனில் குறித்த காலத்துக்குள் கோரலாம்.
4. பல திட்டங்களில் சிதறவிடாமல் ஒன்றிரண்டில் மட்டும் சேர்க்க.
5. புள்ளிக்காக விலை கூடிய சீட்டு வாங்க வேண்டாம். கட்டண வேறுபாட்டையும் பெட்டி எடையையும் முதலில் ஒப்பிடுக.

தகுதி இல்லாதவருக்கும் உள்ள உரிமைகள்

சலுகை வேறு, உரிமை வேறு. உயர்நிலைத் தகுதி நிறுவனம் தரும் சலுகை. இந்தியாவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள் தருவது உரிமை. அது எல்லாப் பயணிகளுக்கும் ஒன்றே. உறுதி செய்த சீட்டுடன் உரிய நேரத்தில் வந்த பயணியை, இடமில்லை என்று விருப்பத்திற்கு மாறாக இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தரவில்லையெனில் இழப்பீடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் ஒருவழி அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் ஆகியவற்றின் இருமடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் தாமதமானால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000 ரூபாய். நீண்ட தாமதத்தின்போது உணவும் சிற்றுண்டியும் கேட்டுப் பெறலாம். நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் ‘ஏர்சேவா’ இணையதளத்தில் முறையிடலாம்.

தங்க அட்டை வைத்திருப்பவர் கேட்காமலே உபசரிக்கப்படுகிறார். மற்றவர் கேட்டால்தான் பெறுகிறார். ஆகவே ஆண்டுக்கொருமுறை ஊர் வரும் பயணிக்கு அட்டையின் நிறத்தைக் காட்டிலும் இவ்விதிகளைப் பற்றிய அறிவே பயன் மிக்கது.