பரவும் மார்பகப் புற்றுநோய்: ஊரார் அறிய வேண்டுவன

கழுகுமலை வட்டாரக் கரிசற்காட்டில் கோரையின் இயல்பை அறியாத உழவர் இலர். மேலே களைந்தாலும், மண்ணுள் தங்கிய கிழங்கிலிருந்து அது மீண்டும் முளைக்கும். மார்பகப் புற்றுநோயும் சிலருக்கு இவ்வாறே திரும்புகிறது. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும், இரத்தத்தின் வழியே சென்று தங்கிய நோயணுக்கள் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றில் வளரக்கூடும். எலும்பில் வளர்ந்தாலும் அது மார்பகப் புற்றுநோயே. அதற்குரிய மருந்துகளே தரப்படும்.

ஆகவே, முன்பு இந்நோய் கண்ட பெண்ணுக்கு ஓயாத முதுகுவலியோ, மூச்சுத் திணறலோ, மஞ்சள் காமாலையோ, நீங்காத தலைவலியோ தோன்றினால், பருத்தி எடுத்த களைப்பு என்று வாளாவிருத்தல் கூடாது. பழைய மருத்துவச் சீட்டுகளுடன் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பரவிய நோயை அடியோடு நீக்குதல் பெரும்பாலும் இயலாது. ஆயினும், மாத்திரை, ஊசி, கதிர்வீச்சு ஆகியவற்றால் அதனைப் பலருக்கு ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்கலாம், வலியையும் தணிக்கலாம். “இனி என்ன பயன்?” என்று சிகிச்சையை நிறுத்துவது பெரும் பிழை. இது தொற்றுநோயும் அன்று. நோயாளிக்குத் தட்டும் தம்ளரும் ஒதுக்குதல் அறியாமையே.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. இன்று திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களின் செலவைத் தாங்குகிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வலி தணிக்கும் பராமரிப்பு இல்லத்திற்கே வருகிறது.

அக்டோபர் 2 கிராம சபையில் இவற்றை எடுத்துரைக்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களை வேண்டுகிறோம். துணைக்கு ஓர் ஆளும் பஸ் கட்டணமும் இன்மையால் எந்தச் சகோதரியின் சிகிச்சையும் நின்றுவிடலாகாது.